மனசுக்குள்ள ஓடுற படத்த எப்படி எழுதுறது? சினிமாவும் கதை எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கதை எழுதுறேன், புதுசா எழுதுறவங்களோட கதைகளையும் பல வருஷமா படிச்சுக் கருத்து சொல்லிட்டு வரேன். ஒரே மாதிரி கேள்விங்க திரும்பத் திரும்ப வருது, அதுல பாதிக்கு மேல சுத்தி வளைச்சு கடைசில சினிமாலதான் வந்து நிக்குது. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே படம் பாக்கப் பழகினவங்க நாம, அதனால இந்தக் கேள்வி வராம இருந்தாதான் ஆச்சரியம். கேட்டவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொன்னத இங்க ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

எழுதும்போது மனசுக்குள்ள படம் மாதிரி ஓடுது. இது தப்பா?

தப்பே இல்ல, அது ஓடுறவங்களுக்கு அது பெரிய சொத்து. சிக்கல் எங்க வருதுன்னா, ஓடுற படத்த நீங்க ஒரு சீட்ல உக்காந்து பாக்குறீங்க, பாத்தத அப்படியே வெளில இருந்தே எழுதிடுறீங்க. கேமராவுக்கு பயம் கெடையாது, வெக்கம் கெடையாது, கால் வலிக்காது. கதைல பாக்குறது எப்பவும் யாரோ ஒரு ஆள், அந்த ஆளுக்கு இதெல்லாம் இருக்கும். ஒரே ரூமுக்குள்ள திருட வந்தவன் முதல்ல ஜன்னல் எங்க இருக்குன்னு பாப்பான், கடன் கேக்க வந்தவன் அங்க இருக்குற புது சாமான பாப்பான், பொண்ணக் குடுத்த வீட்டுக்கு முதல்தடவ வர்ற அப்பா அவ தனியா உக்காந்து அழ ஒரு மூலையாவது இருக்கான்னு பாப்பார். ரூம் ஒண்ணுதான், ஆனா எழுதினா மூணு ரூம். அதனால யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான்: உங்க மனசுல கேமரா நிக்கிற எடத்துல ஒரு ஆள நிறுத்துங்க. மத்த எல்லா பதிலும் இதுல இருந்துதான் வரும்.

சினிமா வர்றதுக்கு முன்னாடி எழுதினவங்க சீன் சீனா யோசிக்கலையா?

நல்லா யோசிச்சாங்க. லூமியேர் சகோதரர்கள் பாரிஸ்ல டிக்கெட் போட்டுப் படம் காட்டினது 1895 டிசம்பர் 28. அதுக்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னாடி நம்ம குறுந்தொகைல கபிலர் பாட்டு ஒண்ணு இருக்கு, 25வது பாட்டு. தலைவனும் தலைவியும் யாருக்கும் தெரியாம சேந்த நேரம், சாட்சி ஒருத்தரும் இல்ல, அவன் இல்லன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்னு அவ பதறுறா. அப்பத்தான் அவளுக்கு ஞாபகம் வருது, ஒரு குருகு நின்னுச்சு அங்க, தினையோட தாள் மாதிரி மெலிசா பச்சக் காலோட, ஓடுற தண்ணில ஆரல் மீன் வருதான்னு பாத்துக்கிட்டு. அவ்வளவுதான் பாட்டு, மொத்தம் அஞ்சே வரி. பறவையோட கால் வரைக்கும் போற க்ளோசப், அதுவும் சும்மா அழகுக்குப் போனது கெடையாது, இருந்த ஒரே சாட்சியும் மீனத்தான் பாத்துச்சு எங்களப் பாக்கலங்கிற வேதன அந்தக் கால்ல வந்து நிக்குது. பாக்குறது கேமரா இல்ல, அவ. க்ளோசப் எழுதணும்னு ஆசப்படுற யாரா இருந்தாலும் இந்தப் பாட்டத்தான் முதல்ல குடுப்பேன்.

ரெண்டு எடத்துல நடக்குறத மாறி மாறி காட்டுற இன்டர்கட்டும் அப்படித்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேரோட மேடம் பொவாரி நாவல் 1857ல புத்தகமா வந்துச்சு, அதுல விவசாயக் கண்காட்சி நடக்குற அத்தியாயம் ஒண்ணு. மாடில ரோடால்ஃப்ங்கிறவன் நாயகி எம்மாவ மயக்குற மாதிரி காதல் வசனம் பேசிட்டு இருக்கான், கீழ மேடைல பரிசு அறிவிக்கிறாங்க. இவன் ஒரு வரி, அங்க ஒரு வரி, இப்படி மாறி மாறி வந்து, அவன் உருகி உருகிப் பேசுற வரிக்கு அடுத்தாப்ல எருவுக்குப் பரிசுங்கிற அறிவிப்பு வந்து விழும். அவன் பேசுறது எவ்வளவு பொய்யின்னு ஃப்ளாபேர் ஒரு வார்த்த சொல்லல, ரெண்டையும் பக்கத்துல வச்சதே சொல்லிடுது.

இன்னொண்ணும் இருக்கு. 1908ல அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் ஒரு படத்துல, மனைவி காத்திருக்கிற காட்சில இருந்து தீவுல மாட்டிக்கிட்ட புருஷன் காட்சிக்கு நேரா தாவினார், இப்படித் தாவினா யாருக்குப் புரியும்னு கேட்டவங்ககிட்ட ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுறார்னு அவர் பதில் சொன்னதா அவரோட மனைவி தன் நினைவுக்குறிப்புல எழுதியிருக்காங்க. ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1944ல எழுதின கட்டுரைல இதையே எடுத்துக்கிட்டு, சினிமாவோட எடிட்டிங் நாவல்ல இருந்து வந்ததுதான்னு விரிவா வாதாடுனார். அதாவது நாம சினிமாகிட்ட கடன் வாங்குறதா நெனைக்கிறதுல பாதி, நாம குடுத்து வச்சது திரும்பி வர்றதுதான்.

அப்ப சினிமா எழுத்துக்குப் புதுசா ஒண்ணுமே குடுக்கலையா?

குடுத்துச்சு, நிறைய. முதல்ல கட் பண்ற தைரியம். பழைய நாவல்ல ஒருத்தர் கிளம்பினா படி இறங்கி, வண்டி ஏறி, வழில ரெண்டு பேரப் பாத்து, அப்புறம்தான் போய்ச் சேருவார். இன்னைக்கு "நாளைக்கு நேர்ல வரேன்"னு போன வச்சதும் அடுத்த பத்தி அந்த வீட்டு வாசல்ல ஆரம்பிக்கலாம், வாசகர் திணறமாட்டார், அவரோட கண்ணு தியேட்டர்ல பழகிடுச்சு.

ரெண்டாவது, சொல்லாம விடுறது. ரஷ்யால 1920க்கு முன்ன பின்ன லெவ் குலெஷோவ்ங்கிற இயக்குநர் ஒரு சோதன பண்ணினார், ஒரு நடிகரோட சாதாரண முகத்த ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்துல ஒட்டினார், சவப்பெட்டிக்குப் பக்கத்துல ஒட்டினார், ஒரு பொண்ணுக்குப் பக்கத்துல ஒட்டினார். முகம் ஒரே முகம். பாத்தவங்க பசி, துக்கம், ஆசைன்னு வேற வேறயா படிச்சாங்க. எழுதுறவங்களுக்கு இது பெரிய பாடம், ரெண்டு வாக்கியத்த பக்கத்துல பக்கத்துல வச்சா நடுவுல இருக்குற உணர்ச்சிய வாசகரே போட்டுக்குவார், நீங்க போய் "அவன் மிகவும் வருந்தினான்"னு எழுதி அவர் வேலையப் பிடுங்க வேண்டியதில்ல.

டாஷியல் ஹாமெட் தி மால்டீஸ் ஃபால்கன் நாவல 1930ல கொண்டுவந்தார், துப்பறியுற ஆளோட மனசுக்குள்ள ஒரு எடத்துல கூட போகமாட்டார், அவன் சிகரெட் சுத்துறத விரல் விரலா சொல்வார், என்ன நெனச்சான்னு சொல்லமாட்டார். படிக்கிறவங்க கடைசி வரைக்கும் அவன் நல்லவனா கெட்டவனான்னு தவிக்கணும், அதுக்காகத்தான் அந்தக் கேமரா பார்வை. காரணத்தோட வெளில நிக்கிறது ஒண்ணு, உள்ள போகத் தெரியாம வெளில நிக்கிறது வேற. அதே காலத்துல டாஸ் பசோஸ்ங்கிற அமெரிக்க எழுத்தாளர் தன்னோட யு.எஸ்.ஏ. நாவல்கள்ல நியூஸ்ரீல் (செய்திப்படம்), கேமரா ஐ (கேமராக் கண்)ன்னே பேர் போட்டுத் தனிப் பகுதிங்க எழுதினார், 1930ல இருந்து 1936 வரைக்கும் மூணு புத்தகம். அதுலயும் கேமரா ஐன்னு பேர் வச்ச பகுதிதான் இருக்கறதுலயே ரொம்ப அந்தரங்கமான பகுதி, எழுதினவரோட சொந்த நினைவு கலங்கலா ஓடும். அந்தப் பேர வச்சுக்கிட்டு அவர் உள்பக்கம் திரும்பினது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

என் சீன் ரொம்ப சினிமாத்தனமா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சில அடையாளம் உண்டு. பேசுறவங்க ஒவ்வொரு வசனத்துக்கும் புருவத்த உயர்த்துவாங்க, பெருமூச்சு விடுவாங்க, உதட்டக் கடிப்பாங்க, தலையாட்டுவாங்க. இது நடிகருக்கு எழுதிக் குடுக்குற குறிப்பு, வாசகருக்கு எழுதினது கெடையாது. கத அலாரம் அடிச்சுத் தொடங்கும். நாயகி கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே வர்ணிச்சுக்குவா. யாரோ அதிர்ச்சியான விஷயம் சொன்னதும் ரூம்ல இருக்குற நாலு பேர் முகத்தையும் வரிசையா காட்டுவீங்க, ரியாக்‌ஷன் ஷாட் மாதிரி. வாசன வராது, தொடுற உணர்வு வராது, உடம்புக்குள்ள நடக்குற எதுவும் வராது, ஏன்னா திரைல அது வராது. உங்க கதைய எடுத்து ஒரு பக்கத்துல கண்ணாலயும் காதாலயும் தெரியுறத மட்டும் பென்சிலால அடிச்சுட்டுப் பாருங்க, மிச்சம் ஒண்ணுமே இல்லன்னா அது திரைக்கதையோட விரிவு.

ஒரு உதாரணம் காட்டி சொல்லுங்களேன்.

நான் அடிக்கடி பாக்குற மாதிரி ஒரு பத்தி எழுதிக் காட்டுறேன். அம்மா செத்துப்போய் ஒரு வாரம் கழிச்சு மகன் அவங்க ரூமுக்குள்ள போறான்.

"கதவு மெதுவாகத் திறந்தது. ரவி உள்ளே நுழைந்தான். அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு ஒளிக்கீற்று கட்டிலின் மேல் விழுந்தது. மேஜையில் இருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்தான். அவன் கைகள் நடுங்கின. ஒரு சொட்டுக் கண்ணீர் கண்ணாடியின் மேல் விழுந்து சிதறியது."

தப்பில்லாத தமிழ்தான், ஆனா கதவு மெதுவா தொறக்குறத யார் பாக்குறா? தொறக்குறதே அவன்தான். அப்ப நாம ஏற்கெனவே ரூமுக்குள்ள ட்ரைபாட் போட்டு அவனுக்காகக் காத்திருக்கோம். ஒளிக்கீற்று ஒளிப்பதிவாளரோடது. கண்ணீர் சொட்டு கண்ணாடி மேல சரியா போய் விழுறது க்ளோசப்புக்காக விழுறது. ரவிய வெட்டிட்டு அந்த எடத்துல வேற எந்த மகன வச்சாலும் இந்தப் பத்தி அப்படியே பொருந்தும், அதான் கொற. இப்ப கேமரா இருந்த எடத்துல ரவிய நிறுத்துவோம்.

"கதவு எப்போதும் போலத் தரையில் உரசியது. சரி பண்ணித் தருகிறேன் என்று மூன்று தடவை சொல்லியிருந்தான். மேஜை மேல் கண்ணாடி மடிக்காமல் கிடந்தது, ஒரு காதுப் பக்கம் நூல் சுற்றியிருந்தது. எப்போது உடைந்தது என்று ரவிக்குத் தெரியவில்லை. போட்டுப் பார்த்தான். எதிர்ச் சுவர் வழுக்கிக்கொண்டு கிட்டே வந்தது. இத்தனை பவரா. போனில் ஒவ்வொரு தடவையும் கண் எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறான், நல்லா இருக்கு என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள்."

இதுல அழுக இல்ல, இருட்டு இல்ல. அந்த நூலு மட்டும் க்ளோசப், அது படமா எடுத்தாலும் நல்லாருக்கும், ஆனா "எப்போது உடைந்தது என்று தெரியவில்லை"ங்கிறத எந்த கேமராவாலயும் எடுக்க முடியாது. கண்ணாடிய அவன் போட்டதும் வாசகர் அவன் கண்ணு வழியாவே பாக்குறார்.

கேரக்டருக்கு ஒரு நடிகர மனசுல வச்சு எழுதலாமா?

முதல் டிராஃப்ட்ல குரலு பிடிபடணும்னா வச்சுக்கங்க, அப்புறம் கழட்டிடுங்க. நடிகரோட முகம் வரும்போது அவர் ஏற்கெனவே பண்ணின பத்து படமும் கூட வந்துடும், உங்க ஆளு செய்ய வேண்டியத அவர் செய்ய விடமாட்டார், அவரோட பழக்கப்பட்ட சிரிப்பச் சிரிச்சுட்டுப் போயிடுவார். கல்கியோட தியாகபூமி ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்ப ஓவியத்துக்குப் பதிலா சினிமா ஸ்டில்லே போட்டாங்க, படம் 1939ல ரிலீஸ். அந்த வாசகர்கள் வாராவாரம் நடிகர்களோட முகத்தோடயேதான் கதைய படிச்சிருப்பாங்க. அது படமும் கதையும் சேந்தே பொறந்த ஒரு முயற்சி, அதுக்கு அது சரி. உங்க கதைக்கு முகத்த வாசகர் குடுக்கட்டும், மூக்கு எப்படின்னு சொல்லாம விட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது.

சண்டைக் காட்சி எழுதினா மட்டும் சப்புனு போயிடுது, ஏன்?

படத்துல ஒரே நொடில பத்து விஷயம் தெரியும், அடிக்கிறவன், விழுறவன், உடையுற கண்ணாடி, ஓடுற கூட்டம். எழுத்துல ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுதான் வர முடியும். ஜெர்மன்காரர் லெசிங் 1766லயே ஓவியத்தையும் கவிதையையும் வச்சு இதப் பேசிட்டார், ஓவியம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடத்துல பரப்பி வைக்கும், மொழி காலத்துல ஒண்ணொண்ணா நகரும்னு. அதனால குத்துக்கு ஒரு வாக்கியம்னு எழுதினா வாசகர் எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பார். அடி வாங்குறவனோட உடம்புக்குள்ள போங்க, அவனுக்கு எதிராளியோட ஸ்டைல் எதுவும் தெரியாது, காதுல ஒரு சத்தம், வாய்ல ரத்த ருசி, செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சுங்கிற சம்பந்தமில்லாத கவல, அவ்வளவுதான் தெரியும். நாலு வரி போதும்.

ஃப்ளாஷ்பேக்?

திரைல பின்னாடி போகணும்னா கட் வேணும், கலர் மாத்தணும், இல்ல ஒரு முகத்துல இருந்து கரையணும். எழுத்துக்கு அந்தச் செலவே கெடையாது. "சாவிய இடது கையால திருப்பினான், அந்த விபத்துக்கப்புறம் வலது கை அவ்வளவு தூரம் வளையாது"ன்னு ஒரே வாக்கியத்துல போயிட்டு வந்துடலாம். அஞ்சு பக்கம் தனியா நினைவோட்டம் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு அரை வாக்கியத்துல முடியுமான்னு பாருங்க.

பேக்ரவுண்ட் மியூசிக் இல்லாம உணர்ச்சிய எப்படிக் கொண்டுவர்றது?

வாக்கியத்தோட நீளம்தான் உங்க இசை. வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, மூச்சு எங்க முட்டுதுன்னு தெரியும். மனசுக்குள்ள வயலின் ஓடினதாலதான் அந்தப் பத்தி உங்களுக்கு நல்லா இருந்துச்சான்னு ஒரு வாரம் கழிச்சுப் படிச்சா தெரிஞ்சுடும், அப்ப வயலின் இருக்காது.

சினிமா வந்த புதுசுல எழுத்தாளர்கள் அத எப்படிப் பாத்தாங்க?

விதவிதமா. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1909ல டப்ளின்ல வோல்டான்னு ஒரு சினிமா தியேட்டரையே தொறந்து வச்சார். வர்ஜீனியா வுல்ஃப் 1926ல சினிமா பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க, அன்னா கரேனினாவ படமா எடுத்ததப் பாத்துட்டு அவங்களுக்கு ஆறல, புத்தகத்துல நமக்கு அன்னாவ அவ மனசு வழியா தெரியும், படமோ அவ பல்லு, முத்துமாலை, வெல்வெட்னு வெளிலயே சுத்துதுன்னு. ஆனா அதே கட்டுரைல இன்னொரு அனுபவமும் இருக்கு, டாக்டர் கலிகாரி படம் பாக்கும்போது திரையோட ஒரு மூலைல தலைப்பிரட்டை மாதிரி ஒரு நெழல் வந்து, பெருசாகி, துடிச்சு, மறுபடி இல்லாமப் போச்சாம். அது தற்செயலா விழுந்த நெழல்தான், ஆனா "நான் பயப்படுறேன்"னு யாரோ சொல்றத விட அந்த நெழல் பயத்த நல்லா காட்டிச்சுன்னு எழுதுறாங்க. சினிமாகிட்ட நாம கத்துக்க வேண்டியது அந்த நெழலத்தான்னு எனக்குத் தோணும், நடிகையோட முத்துமாலைய வர்ணிக்கிறத கெடையாது.

நம்ம அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோல பதினாலு வருஷம் வேல பாத்தவர். சினிமா உலகத்த வச்சே கரைந்த நிழல்கள் எழுதினார், ஒரு ஆள விட்டு இன்னொரு ஆளுக்குப் போய்க்கிட்டே இருக்குற நாவல், பகட்டான சீனுன்னு ஒண்ணு தேடினாலும் கெடைக்காது. அவ்வளவு வருஷம் கேமராவுக்குப் பக்கத்துல இருந்தவர் எழுத்துல அத எவ்வளவு அமைதியா ஒதுக்கி வச்சார்னு பாருங்க.

படமா எடுக்கணும்னு நெனச்சே நாவல் எழுதலாமா?

க்ரஹாம் க்ரீன் தி தேர்ட் மேன் படத்துக்காக முதல்ல குறுநாவலாத்தான் எழுதினார், கதையா எழுதிப் பாக்காம திரைக்கதை எழுத வராதுன்னு அவரே சொல்லியிருக்கார். படம் 1949, புத்தகம் 1950. முடிவு ரெண்டுலயும் வேற. கதைல கடைசில நாயகனும் அவன் விரும்புற பொண்ணும் கைகோத்து நடந்து போறாங்க. படத்துல கல்லறைத் தோட்டத்துக்கு வெளில நீளமான சாலை, தூரத்துல இருந்து அவ நடந்து வர்றா, கேமரா அசையாம நிக்குது, அவன் காத்திருக்கான், அவ திரும்பிக் கூடப் பாக்காம தாண்டிப் போயிடுறா. இயக்குநர் கேரல் ரீட் செஞ்சதுதான் சரின்னு க்ரீன் அப்புறம் ஒத்துக்கிட்டார். அந்த நடைய எழுதிப் பாருங்க, "அவள் அவனைக் கடந்து போனாள்"னு ஒரு வரில முடிஞ்சுபோகும், திரைல அது ஒரு நிமிஷத்துக்கும் மேல நம்மளப் பிழியுது. அதே மாதிரி "அதற்கப்புறம் பத்து வருஷம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை"ங்கிற வரிய படமா எடுக்கச் சொல்லுங்க, அவங்க திண்டாடுவாங்க. நாவல் எழுதும்போது நாவலுக்கு மட்டும் முடிஞ்சத விட்டுட்டு எழுதாதீங்க, படமா ஆகலன்னா கைல ஒண்ணும் மிஞ்சாது.

எனக்கு மனசுல படமே வர்றதில்ல. நான் கதை எழுத முடியாதா?

முடியும், இந்தக் கேள்விய கேட்டவங்க எல்லாரும் ரொம்ப பயந்து கேட்டாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். கண்ண மூடினா படம் தெரியாதவங்க நிறைய பேர் இருக்காங்க, 2015ல ஆடம் ஸீமன்ங்கிற நரம்பியல் நிபுணரும் கூட இருந்தவங்களும் அதுக்கு அஃபான்டேசியான்னு பேர் வச்சாங்க. பிக்ஸார் நிறுவனத்த தொடங்கினவங்கள்ல ஒருத்தரான எட் கேட்முல் தனக்கு மனசுல படம் வராதுன்னு வெளிப்படையா சொன்னவர், படத்தையே தொழிலா வச்சிருந்தவர். நீங்க குரல்ல இருந்து போங்க, யார் என்ன சொல்வாங்க, எத சொல்லாம விழுங்குவாங்க, எந்த சொல்லுல குரல் உடையும்னு. படம் வாசகரோட மண்டைல வந்தா போதும்.

படம் பாக்குறத நிறுத்திடணுமா? எப்படிப் பாத்தா எழுத்துக்கு உதவும்?

நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு. ஒரு தடவ ரசிச்சுப் பாருங்க, பிடிச்ச ஒரு சீன மட்டும் ரெண்டாம் தடவ சத்தத்த நிறுத்திட்டுப் பாருங்க, எங்க வெட்டுறாங்க, யார் முகத்துல நிறுத்துறாங்கன்னு தெரியும், பேசுறவர விட்டுட்டுக் கேக்குறவர் முகத்துல எத்தன தடவ நிக்குதுன்னு எண்ணுங்க. மூணாம் தடவ திரைய மறச்சுட்டு சத்தம் மட்டும் கேளுங்க. அப்புறம் அந்த சீன்ல ஓரமா நிக்கிற ஒரு ஆளு இருப்பாரே, கதவ தொறந்து விடுறவரோ, ட்ரே ஏந்தி நிக்கிறவரோ, அவர் கண்ணுல இருந்து மொத்தத்தையும் எழுதிப் பாருங்க, அவருக்கு நாயகனோட வசனம் பாதிதான் காதுல விழும், கை வலிக்கும், இவங்க எப்ப கிளம்புவாங்கன்னு இருக்கும். எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, கட்டாயம் படிக்கிறேன்.